கீழாநெல்லிக்கும் இடமுண்டு, மருத்துவருக்கும் இடமுண்டு

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், திருவெறும்பூர் வட்டாரத்தின் வயல் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும், ஏன், ஆலய வளாகத்தின் மதிலோரங்களிலும்கூட, ஒரு சிறு செடி தழைத்து நிற்பதைக் காணலாம். உயரம் ஒரு சாண் அல்லது சற்றே கூடுதல். புளியிலை போன்ற சிற்றிலைகள். அவற்றின் அடிப்புறத்தே வரிசையாய்த் தொங்கும் மிகச் சிறிய காய்கள். நெல்லிக்கனியின் வடிவைக் குறுக்கி இலையின்கீழ் ஒளித்து வைத்தாற்போல் இருப்பதால் இதற்குக் கீழாநெல்லி என்று பெயர்.

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால் நம் குடும்பங்களில் முதலில் தேடப்படுவது இச்செடியே. பாட்டிமார் அதைப் பிடுங்கிக் கழுவி, அம்மியில் மைய அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் விலக்கிப் பத்தியம் வைப்பார்கள். “காமாலைக்கு ஆங்கில மருத்துவத்தில் மருந்தே இல்லை, பச்சிலைதான் மருந்து” என்னும் சொல் பங்குதோறும் வழங்கிவருகிறது. இச்சொல்லில் எவ்வளவு உண்மை உண்டு? இதை நம்பி இருந்துவிடலாமா? குடும்பத்தவர் ஒருவரின் உயிரைப் பற்றிய வினாவாதலின், இதைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நம் கடமையாகும்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். காமாலை என்பது தனியொரு நோயன்று. அது ஓர் அடையாளம். நம் குருதியில் உள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து மடிகின்றன. மடிந்த அணுக்களின் சிவப்புப் பொருள் சிதைந்து, பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளாக மாறுகிறது. கல்லீரல் அதனைக் குருதியிலிருந்து பிரித்தெடுத்து, நீரில் கரையத்தக்கதாக மாற்றி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. இவ்வேலை ஓயாது நடைபெறுவதால்தான் நம் கண்கள் வெண்மையாய் இருக்கின்றன.

இவ்வழியில் மூன்று இடங்களில் தடை நேரலாம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தால், கல்லீரலால் ஈடுகொடுக்க இயலாமல் மஞ்சள் தேங்கும். கிருமியாலோ மதுவாலோ மருந்துகளின் நச்சாலோ கல்லீரலே பழுதுற்றாலும் தேங்கும். கல்லீரல் நன்றாக இருந்தும், பித்தநீர் செல்லும் குழாயை ஒரு கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் தேங்கும். வெளியே தெரிவது ஒரே மஞ்சள்; உள்ளே இருக்கும் காரணங்களோ பல. பித்தக் குழாயை அடைத்த கல்லைப் பச்சிலைச் சாறு எங்ஙனம் அகற்றும்? கணையத்தில் வளரும் புற்றுக்கட்டியை மோர் எங்ஙனம் கரைக்கும்? அங்கே தேவைப்படுவது உரிய நேரத்தில் செய்யப்படும் சிகிச்சை.

அப்படியானால் கீழாநெல்லி கொடுத்து நலம் பெற்றோர் அத்தனை பேரும் பொய்யா சொல்கின்றனர்? இல்லை. நம் நாட்டில் அசுத்த நீராலும் உணவாலும் பரவும் காமாலை பெரும்பாலும் ஏ, ஈ என்னும் இரு வைரஸ்களால் வருவது. இவை பெரும்பாலோரிடம் சில வாரங்கள் தங்கி, உடலின் எதிர்ப்பாற்றலால் தாமாகவே நீங்கிவிடுகின்றன. அந்த வாரங்களில் பச்சிலை உண்டவரும் நலமடைவார், உண்ணாதவரும் நலமடைவார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் இதுவே. நலம் பெற்றது உண்மை. நலமளித்தது எது என்பதுதான் ஆராயத்தக்கது.

பி, சி என்னும் வைரஸ்களின் இயல்பு வேறு. இவை குருதியின் வழியாகவும், சுத்தம் செய்யாத ஊசியின் வழியாகவும் பரவுகின்றன. பி வகை உடலுறவாலும் தொற்றும். பிரசவ வேளையில் தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். வளர்ந்தவர்களுக்குப் பி வகை தொற்றினால் மிகப் பெரும்பாலோர் அதனை வென்றுவிடுகின்றனர். பிறக்கும்போதே தொற்றுக்கு ஆளான குழந்தைகளிலோ பத்தில் ஒன்பது பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உள்ளிருந்து, கல்லீரலைச் சுருங்கச் செய்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் முடிகிறது.

இந்தப் பி வைரஸின் தடயத்தை முதலில் கண்டவர் அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பெர்க். உலகின் பல இனத்தவரின் குருதி எவ்வாறு வேறுபடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் விந்தையானதொரு புரதத்தைக் கண்டார். அது இவ்வைரஸின் மேலுறை என்பது பின்னர் புலனாயிற்று. அக்கண்டுபிடிப்பே தடுப்பூசிக்கும் வழிகோலியது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

அத்தகைய அறிஞர் நம் கீழாநெல்லியையும் புறக்கணிக்கவில்லை என்பது நாம் மகிழத்தக்க செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். பி. தியாகராஜன் அவர்களும் குழுவினரும் இம்மூலிகையை ஆராய்ந்துவந்தனர். புளூம்பெர்க் அவர்களோடு இணைந்து பணியாற்றினார். 1988-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அவர்களது ஆய்வு வெளிவந்தது. பி வைரஸை உடலில் தாங்கியிருந்த ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு மருந்தற்ற போலிப் பொருள் கொடுக்கப்பட்டது. தானே நலமாகிறவர் எத்தனை பேர், மருந்தால் நலமாகிறவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய இதுவே வழி. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே நம் வரப்போரச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆயினும் ஆராய்ச்சி என்பது ஒருமுறை கண்டதோடு அமைதி கொள்வதன்று. ஓரிடத்தில் மெய்யெனத் தோன்றியது பிறவிடங்களிலும் மெய்யாதல் வேண்டும். தாய்லாந்து நாட்டில் சோதித்தபோது அப்பயன் கிட்டவில்லை. 1990-இல் அம்முடிவு வெளிவந்தது. நியூசிலாந்திலும் கிட்டவில்லை என 1994-இல் அறிவித்தனர். பின்னர்ப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்களும், இம்மூலிகை பி வைரஸை அகற்றும் என்று கொள்ளப் போதிய சான்றில்லை என்றே 2011-இல் கூறினர். இதனைத் தோல்வி என்று வருந்துவதற்கில்லை. நம் மண்ணின் மருந்தை உலகின் உரைகல்லில் உரைத்துப் பார்த்ததே அதற்கு நாம் செய்த மதிப்பாகும். உரைத்த முடிவு நமக்கு உவப்பானதாக இல்லாதபோதும் அதனை ஏற்றுக்கொள்வதே வாய்மை.

முடிவுகள் வேறுபடுவதற்குக் காரணம் என்ன என்று வினவினோர் பலர். ஆய்வுக்கு உட்பட்டோரின் தொகை சிறிதாயிருந்தமையும், செடி விளைந்த மண்ணும் பருவமும் மாறியமையும் காரணமாயிருக்கலாம். செடியே வேறாயிருக்கவும் கூடும். கீழாநெல்லியைப் போன்ற தோற்றமுடைய இனங்கள் பல உள. தண்டு சிவந்த இனமும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டு நூல்கள் நெடுங்காலம் இதனை ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்றே குறித்தன. அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது என்றும், நம் ஊரில் பரவலாகக் காண்பது ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ என்றும் தாவர அறிஞர்கள் பின்னர்த் தெளிவுபடுத்தினர். அமாரஸ் என்றால் இலத்தீனில் கசப்பு என்று பொருள்; அரைத்துக் குடித்தவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

செடியை இன்னதென்று ஐயமற அறிதல் மருந்தாராய்ச்சியின் முதற்படி. அப்பணியில் நம் திருச்சிக்குத் தனிப் பெருமை உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டு சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவினார். அவருக்கு முன் இத்துறையில் உழைத்த பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு ஒருவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். மாணவர்களோடு காடும் மேடும் அலைந்து செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரும் இடமும் நாளும் குறித்து வைத்தனர். தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல்தொகுதிகள் 1980-களில் வெளிவந்தன. 2004-இல் அடிகளார் மறைந்தார். ஒரு புல்லுக்கும் அதன் உண்மைப் பெயரைத் தேடி அளித்த அவ்வுழைப்பு, படைத்தவருக்குச் செலுத்திய வழிபாடே அன்றோ?

“பச்சிலையும் செபமும் போதும், மருத்துவமனை எதற்கு?” என்று பக்தியின் பெயரால் வினவுவோர் நம்மிடையே உளர். அவர்கள் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. மண்ணிலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தவர் ஆண்டவரே என்று கூறும் அதே அதிகாரம், நோயுற்றபோது மன்றாடும்படியும் பணிக்கிறது. மருத்துவருக்கு இடங்கொடுக்கும்படியும் பணிக்கிறது. மூலிகை, மன்றாட்டு, மருத்துவர் என்னும் மூன்றையும் ஞானி ஒருசேர வைத்துள்ளார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குதல் திருநூல் காட்டும் வழியன்று.

ஆகவே குடும்பத்தினர் செய்யத்தக்கது யாது?

கண் மஞ்சளித்தால் காலந்தாழ்த்தாமல் குருதிப் பரிசோதனை செய்து, எவ்வகைக் காமாலை என்று அறிந்துகொள்ளுங்கள். அதன்பின் சித்த மருத்துவத்தை விரும்புவோர், முறையாகக் கற்றுப் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடமே செல்லுங்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் இரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கையில் சூடு போடுதல், கண்ணிலும் மூக்கிலும் சாறு பிழிதல் ஆகியவற்றுக்கு ஒருபோதும் இசையாதீர்கள். கடும் பத்தியத்தால் நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். பழுதுற்ற கல்லீரல் தேறுவதற்கும் உணவு வேண்டும்.

காய்ச்சலும் உடல்வலியும் இருக்கிறதே என்று பாரசிட்டமால் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகவே விழுங்கலாகாது. அம்மாத்திரை உடலில் சிதையும்போது சிறிதளவு நச்சு உண்டாகிறது. கல்லீரல் தன்னிடமுள்ள காப்புப் பொருளால் அதனை முறித்துவிடும். அளவு மிஞ்சினால் காப்புப் பொருள் தீர்ந்து, நச்சு கல்லீரலையே தாக்கும். எவ்வளவு, எத்தனை வேளை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை கண்டால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. ஈ வகை வைரஸ், குறிப்பாகக் கருப்பக் காலத்தின் கடைசி மூன்று மாதங்களில், தாயின் உயிருக்கே ஊறு செய்யவல்லது. நோயாளி பிதற்றினாலும், இடையறாது உறங்கினாலும், குருதி வாந்தி எடுத்தாலும், வயிறு நீர்கோத்து வீங்கினாலும் உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே மஞ்சள் தோன்றினால் அதுவும் அவசரமே. பச்சிளங்குழந்தையின் வாயில் பச்சிலைச் சாறு புகட்டவே கூடாது.

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியைப் போட்டுவிட்டால், தாயிடமிருந்து வரும் தொற்றையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியை 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கியவை தமிழகமும் கேரளமுமே. ஏற்கெனவே நிலைத்துவிட்ட பி வைரஸை அடக்கிவைக்க இன்று மாத்திரைகள் உள்ளன. சி வகையையோ பெரும்பாலோரிடம் 12 வார மாத்திரைகளால் அறவே நீக்கிவிடலாம். 2018-இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இச்சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. “காமாலைக்கு மருந்தே இல்லை” என்னும் பழஞ்சொல்லை இனியாவது நாம் கைவிடலாம்.

கீழாநெல்லி நம் வரப்புகளில் தொடர்ந்து முளைக்கட்டும். அதனுள் இறைவன் வைத்துள்ள ஆற்றல் எது என்று அறிஞர்கள் தொடர்ந்து தேடட்டும். ஆனால் கண் மஞ்சளித்த பிள்ளையைத் திண்ணையில் கிடத்திவிட்டுச் செடி தேடிப் போகும் தாய், மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்தையும் மறவாதிருப்பாளாக. பிணியாளரைக் காப்பதில் அன்பு மட்டும் போதாது. அன்போடு அறிவும் கூடினால்தான் இல்லம் நலம்பெறும்.