வெடிக்காத பட்டாசைப் பொறுக்கும் கைகள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் முதலில் இறங்குவது துப்புரவுப் பணியாளர்கள் அல்ல, பையன்கள். புஸ்ஸென்று போன லட்சுமி வெடி, திரி மட்டும் எரிந்து அணைந்த அணுகுண்டு, மழையில் நமத்துப்போன சங்குசக்கரம் என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய், சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்து, சாம்பல் நிற மருந்தை ரஃப் நோட்டுத் தாளில் தட்டிக் குவிப்பார்கள். பெரும்பாலான பையன்களுக்கு அதில் நெருப்பு வைத்து, குப்பென்று எரிவதைப் பார்த்தால் போதும். கூட்டத்தில் ஒருவன் மட்டும் அந்த மருந்தை அடைக்க ஒரு குழாய் தேடுவான். அவனுக்குச் சத்தம் முக்கியமில்லை; அது மேலே போக வேண்டும். விரல் கருகி, கண்ணைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அவன்தான், நாளை நல்ல எஞ்சினியராக வரக்கூடியவனும் அவன்தான். இரண்டில் எது நடக்கும் என்பது அவனுடைய கெட்டிக்காரத்தனத்தில் மட்டும் இல்லை. ஊர் அவனை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

நம் வாசுதேவநல்லூருக்கு இது தூரத்துப் பேச்சு அல்ல. ராஜபாளையம் வழியாகப் போனால் சிவகாசி. நம் தென்காசி மாவட்டத்திலேயே செங்கோட்டை இருக்கிறது. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி பிறந்து, பள்ளிப் படிப்பை முடித்த ஊர். நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் எஞ்சின்களைக் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே அங்கிருந்து ஆர்.எச்.200 என்ற சிறு ஆய்வு ராக்கெட்டையும் பறக்கவிட்டார்கள். எல்லாம் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். ஒரு பக்கம் வெடிமருந்து, மறுபக்கம் விண்வெளி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்குத்தான் படிக்கட்டு இல்லை.

அந்தப் படிக்கட்டைக் கட்டிய கதை ஒன்று உண்டு. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பித்துப் பிடித்தது. இரும்புக் குழாய், கடையில் வாங்கிய ரசாயனம், அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டு நிலவறை. கையும் கண்ணும் போனவர்கள் உண்டு, உயிரே போனவர்களும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தார்கள். தடை போடு என்றது ஒரு கூட்டம். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டது மற்றது.

வழி சொன்னவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் என்ற சிற்றூரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் அவருக்கு ஆசை, அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கோ மாடல் விமானத்தில். இருவருமாக 1954-இல் ஒரு காகித ராக்கெட்டைச் செய்திருந்தார்கள். பாரசூட்டில் இறங்கும், மோட்டாரை மாற்றிவிட்டு மறுபடி ஏவலாம். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் பையன்களின் விபத்துகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு, கார்லைல் அவருக்குத் தன் ராக்கெட்டை அனுப்பிவைத்தார். 1957-லேயே தேசிய ராக்கெட்டிரி சங்கம் பிறந்தது. மறுவருடம் டென்வரில் வெர்ன் எஸ்டெஸ் என்பவர் மோட்டார்களை இயந்திரத்தில் அடைத்துத் தள்ள ஆரம்பித்தார். ஐந்தரை வினாடிக்கு ஒன்று.

இதில் தொழில்நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேலைப் பங்கீடு. மருந்தைக் கலப்பதும் அடைப்பதும் உரிமம் பெற்ற தொழிற்சாலையின் வேலை. குழாய் சுருட்டுவது, இறக்கை வெட்டுவது, கணக்குப் போடுவது, ஏவுவது, தேடி எடுப்பது பிள்ளையின் வேலை. மைதானத்தில் விசிலை வைத்துக்கொண்டு நிற்பது பெரியவரின் வேலை. மூவரில் ஒருவர் தன் இடத்தை விட்டு நகர்ந்தாலும் ராக்கெட் கிளம்பாது.

அந்த மோட்டாரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இந்த யோசனை எவ்வளவு நிதானமானது என்று தெரியும். கைவிரல் நீளத்துக்கு ஓர் அட்டைக் குழாய். அடியில் களிமண் அடைப்பில் ஒரு சிறு துவாரம். அதற்கு மேல் அழுத்தி அடைத்த கருமருந்து. அது ஓரிரு வினாடியில் எரிந்து தீரும். அடுத்து மெதுவாக எரியும் ஒரு பகுதி. அது தள்ளாது, புகை மட்டும் விடும். ராக்கெட் தன் வேகத்திலேயே உச்சிக்குப் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கும். கடைசியில் ஒரு சிட்டிகை மருந்து முன்பக்கமாக வெடித்து, மூக்கைக் கழற்றிப் பாரசூட்டை வெளியே தள்ளும். எதிலும் இரும்பு கிடையாது. தப்பு நடந்தாலும் தெறிப்பது அட்டைதான்.

சங்கத்தின் பாதுகாப்பு விதிகளும் ஒரே பக்கத்தில் அடங்கும். ராக்கெட்டின் உடம்பு காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற எடை குறைந்த பொருளாக இருக்க வேண்டும். திரி கூடாது, மின்சாரத்தில்தான் பற்றவைக்க வேண்டும். சிறிய மோட்டாருக்குப் 15 அடி, பெரியதற்கு 30 அடி தள்ளி நிற்க வேண்டும். பற்றவில்லையா, இணைப்பைத் துண்டித்துவிட்டு முழுதாக ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக்கூடாது. மணிக்கு 20 மைலுக்கு மேல் காற்றடித்தால் அன்று ஏவக்கூடாது. மின்கம்பியில் சிக்கிக்கொண்டால் அந்த ராக்கெட்டை மறந்துவிட வேண்டும். இந்த விதிகளோடு அங்கே கோடிக்கணக்கான முறை ஏவியிருக்கிறார்கள். 1959-இல் டென்வர் பக்கம் தொடங்கிய ஆண்டுக்கூடல் இன்னும் நடக்கிறது. பெரிய ராக்கெட் ஏவ விரும்புகிறவர் சாட்சி முன்னிலையில் ஒன்றை ஏவி, பத்திரமாக இறக்கிக் காட்டி, படிப்படியாகச் சான்று வாங்க வேண்டும். உறுப்பினர்களுக்குச் சங்கமே காப்பீடும் வைத்திருக்கிறது. இந்தக் காப்பீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரசோடு முரண்பட்டபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பெரிய மோட்டார்களில் இருக்கும் அம்மோனியம் பெர்குளோரேட் கலவையை வெடிபொருள் பட்டியலில் அரசுத் துறை வைத்திருந்தது. சங்கம் 2000-இல் தன் தோழமைச் சங்கமான ட்ரிப்போலியோடு சேர்ந்து நீதிமன்றம் போனது. மறியல் இல்லை, வசவு இல்லை. இந்தக் கலவை எவ்வளவு வேகத்தில் எரிகிறது என்று அளந்து காட்டினார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2009-இல், தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அதுவரை விதியை மதித்தார்கள். மதித்ததால்தான் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்தது.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று புலம்புவது நியாயமல்ல. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகளை வைத்து ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோளைச் செய்தது. 2022 ஆகஸ்ட் 7-இல் அது சுற்றுப்பாதையை எட்டவில்லை; 2023 பிப்ரவரி 10-இல் அடுத்தது எட்டியது. நம் ஊர் வழியாகக் கொல்லம் போகிற நெடுஞ்சாலை தொடங்கும் திருமங்கலத்தின் அரசுப் பெண்கள் பள்ளியும் அதில் இருந்தது. அதே பிப்ரவரி 19-ஆம் தேதி செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து, அரசுப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்த சின்னஞ்சிறு செயற்கைக்கோள்கள் ஒரு ஆய்வு ராக்கெட்டில் பறந்தன. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகர் மாவட்டத்தில் கல்லூரிக் குழுக்களுக்கு மாடல் ராக்கெட் போட்டியே நடந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை திருவிழாக்கள். கொடி இறங்கியதும் பந்தலும் பிரிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை, ஒரே மைதானம், அதே ஆசிரியர், அதே விதித்தாள் என்கிற கிளைச் சங்கப் பழக்கம் நம் சிற்றூர்களில் வேர் விடவில்லை.

ஏன் விடவில்லை? ஆர்வம் இல்லாமல் அல்ல. அறிவியல் ஆசிரியர் எவரிடமாவது தனியாகப் பேசிப் பாருங்கள். செய்யலாம் என்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதாவது ஆச்சு என்றால் யார் சார் பதில் சொல்வது என்பார். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் இன்று ஒரே விடைதான்: அவர். பெற்றோர் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள், மேலிடம் விளக்கம் கேட்கும், காவல் நிலையம் கூப்பிடும். நன்றாக நடந்தால் எல்லோரும் படத்தில் நிற்பார்கள். கெட்டால் ஒருவர் மட்டும் நிற்க வேண்டும். இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை எந்த ஆசிரியரும் கை வைக்கமாட்டார். வைக்கவில்லை என்று அவரைக் குறை சொல்லவும் நமக்கு வாய் இல்லை.

ஆகவே ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டியது பழியிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதைத்தான். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதோடு போய்விடாமல் ஏவும் நாளில் வீட்டுக்கு ஒருவர் வந்து தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நிற்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு விதித்தாளைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தீயணைப்பு நிலையத்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு வாரம் முன்னால் கடிதம் போக வேண்டும். பேரூராட்சி மைதானத்தை ஒதுக்கித் தரட்டும். வியாபாரிகள் சங்கம் கோப்பை வழங்க ஆசைப்படும். அதை விட்டுவிட்டு ஒரு வருடத்து விபத்துக் காப்பீட்டுக்குப் பணம் கட்டினால் அதுதான் பெரிய பரிசு. காப்பீட்டுத் தாள் ஒன்று மேசை மேல் இருந்தால் அந்த ஆசிரியரின் குரல் தாழாது.

தொடக்கம் மருந்தில் இருக்கக்கூடாது, தண்ணீரில் இருக்கட்டும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் இறுக்கமான கார்க், அதன் நடுவே சைக்கிள் டியூபின் வால்வு. கவிழ்த்து நிறுத்திப் பம்பு அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கப் பாட்டில் விறைத்து, உள்ளே குமிழிகள் ஏறும். கார்க் பிடி விட்டதும் பம்பு அடித்தவன் தலையில் மழை கொட்டும், பாட்டில் பனைமரத்தைத் தாண்டும். முதல் பாட்டில் நிச்சயம் குட்டிக்கரணம் அடிக்கும். பழைய ஃபைல் அட்டையில் மூன்று இறக்கை வெட்டி ஒட்டி, மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்து, எடை சமமாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு முன்னே பார்த்துச் சுற்றினால் நேராகப் பறக்கும். தள்ளாடினால் களிமண்ணைக் கூட்ட வேண்டும். புத்தகத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்தது கையில் கனக்கிற இடம் இது. சிறுவர்களின் பொழுதுபோக்குத்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆசிய பசிபிக் நாட்டு விண்வெளி அமைப்புகளின் மன்றம் 2005-இலேயே இதற்கென்று மாணவர் போட்டி நடத்தத் தொடங்கிவிட்டது. இதற்கும் விதி உண்டு. நசுங்கிய பாட்டில் கூடாது, கண்ணாடி பாட்டிலும் பிவிசி குழாயும் கூடவே கூடாது, பம்பு நீளமான டியூபோடு தள்ளி இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி. தண்ணீரில் விசிலுக்குக் கட்டுப்படக் கற்றவன் நாளை நெருப்பிலும் கட்டுப்படுவான். அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்க்க 2022 முதல் வானவில் மன்றம் இருக்கிறது. இதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை.

இடமும் காலமும் நம் ஊருக்கென்று தனியாக யோசிக்க வேண்டியவை. ஊருக்கு மேற்கே மலையும் காடும். பங்குனி, சித்திரையில் சருகு காய்ந்து கிடக்கும்போது அந்தப் பக்கம் தீப்பொறி பேச்சே ஆகாது. யானையை விரட்ட வெடி போடுகிற தோட்டங்களும் அங்கேதான்; புதிதாக ஒரு சத்தம் கேட்டால் ஆளுக்கொரு முடிவுக்கு வருவார்கள். எனவே நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, மின்கம்பி குறுக்கே ஓடாத திறந்தவெளிதான் தோது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, ராக்கெட்டை அடுத்த ஊரில் கொண்டுபோய்ப் போடும். தேசிய விண்வெளி நாளான ஆகஸ்ட் 23-ம் அந்தக் காற்றுக் காலத்தின் வாலில்தான் வருகிறது. அன்று கருத்தரங்கு வைத்துக்கொள்ளலாம். ஏவுவதற்கு உலக விண்வெளி வாரம், அக்டோபர் 4 முதல் 10 வரை, பொருத்தமாக இருக்கும். காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்காத இடைவெளி.

மருந்து ராக்கெட்டைப் பற்றி ஒளிவு மறைவு வேண்டாம். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் அமலில் உள்ளன. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது குற்றம், அது மாணவருக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்டுத் தரம் பார்த்த சிறு மோட்டார் ஒன்றை உரிமம் பெற்ற ஆலை செய்து, பதிவு பெற்ற பள்ளி மன்றத்துக்கு மட்டும் விற்க வழி உண்டா என்று கேட்கலாம். அட்டைக் குழாய், களிமண், கருமருந்து மூன்றையும் கையாளத் தெரிந்த கைகள் சிவகாசியில் இருக்கின்றன. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகமும் அங்கேயே இருக்கிறது. ஒரு பள்ளி மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரி, சங்கரன்கோவில் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள், ஒரு வருடம் விபத்தில்லாமல் தண்ணீர் ராக்கெட் ஏவிய பதிவேட்டை இணைத்து, சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பினால் படித்துத்தான் ஆக வேண்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த அக்டோபரிலேயே எழுதத் தொடங்கலாம்.