நிறுவனர் இல்லாத ஊர்

பெங்களூரின் மத்தியில் லவேல் ரோடு என்று ஒரு தெரு. உயர்தர ஓட்டல்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவேல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் பங்கேற்ற முன்னாள் சிப்பாய். கோலார் தங்கவயலை 'உருவாக்கியவர்' என்று அநேகமாக எல்லாப் புத்தகங்களும் குறிப்பிடுவது இவரைத்தான்.

லவேலைக் கோலார் பக்கம் இழுத்தது ஒரு பழைய கட்டுரை. திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்கப் போன லெஃப்டினன்ட் ஜான் வாரன், 1802-ல் உரிகம், மாரிக்குப்பம் கிராமங்களில் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கப் பொடி எடுப்பதைப் பார்த்தார். அவர் எழுதியது அச்சில் வந்து அறுபதாண்டுகளுக்கு மேல் பெரிய பலன் எதையும் தரவில்லை. 1871-ல் அதைப் படித்த லவேல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். 1873-ல் மைசூர் அரசுக்கு மனு. 1875-ல் 20 ஆண்டுக் குத்தகை. கையில் பணம் இல்லை. சில குழிகள் தோண்டியதோடு சரி; இரண்டு ஆண்டுகளில் உரிமை மெட்ராஸ் ராணுவ அதிகாரிகள் சிலரின் கைக்குப் போனது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நுழைந்த பிறகுதான் உண்மையான சுரங்கம் தொடங்கியது.

அமெரிக்காவின் எல்லைப்புற நகரங்களுக்கு நிறுவனர் என்று ஓர் ஆள் உண்டு. கொலராடோ ஸ்பிரிங்ஸை 1871-ல் தொடங்கிய ஜெனரல் வில்லியம் பால்மர் ரயில் பாதை போட்டார், கல்லூரிக்கு நிலம் கொடுத்தார். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் லவேலின் பெயரில் எதுவும் தேறாது. ரயில், விவசாயம், கல்வி மூன்றும் தங்கவயலுக்கு வேறு வேறு வாசல்கள் வழியாக வந்தன. ஒன்று வரவே இல்லை.

ரயில் 1894-ல் வந்தது. சென்னை-பெங்களூர் பாதையில் இருக்கும் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டர். போட்டது மைசூர் சமஸ்தானம். கம்பெனிக்குத் தேவைப்பட்டவை இயந்திரங்களும் நீராவி எஞ்சின்களுக்கு எரிபொருளும். ஆனால் அதே தண்டவாளத்தில் ஆட்களும் வந்து இறங்கினார்கள். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த கூலிகள்; பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் கணிசமானவர்கள் நிலமற்ற தலித்துகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் எண்ணிக்கை 30 ஆயிரத்தை எட்டியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூர் தெருவிளக்குகளுக்கு அது கிடைத்தது 1905-ல்தான். துரைமார் பங்களாக்களில் வெளிச்சம், தொழிலாளர் லைன்களில் மூங்கில் தட்டிக் குடிசை. 'குட்டி இங்கிலாந்து' என்ற பட்டப்பெயரில் இந்தக் குடிசைகள் அடங்கவில்லை.

விவசாயம்தான் வராதது. பயிருக்குத் தண்ணீர் கேட்டுத்தான் அந்தப் பகுதியின் பாலாறும் ஏரிகளும் காலம் தள்ளின. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரி நீர் சுரங்க நகரத்தின் குடிநீராயிற்று. பாறையை அரைத்துத் தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய சயனைட் கலந்த மண், ஊர் நடுவே குன்று குன்றாகக் குவிந்தது. காற்றடித்தால் அந்தப் பொடி வீட்டுக்குள் வரும். மழை அதை வழித்து இறக்குகிறது. அந்த மண்ணில் என்ன விளையும்?

கல்விக் கதை வித்தியாசமானது. கம்பெனி அக்கறை காட்டியது முதலில் ஐரோப்பியக் குடும்பங்களின் பிள்ளைகள் மீது. தொழிலாளர்கள் தங்களுக்கு வேறு வழி தேடிக்கொண்டார்கள். அயோத்திதாச பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. 1907-ல் அவர் நடத்தத் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' (பின்னர் 'தமிழன்') வாரப் பத்திரிகைக்கு உறுதியான வாசகர் கூட்டம் தங்கவயலில் இருந்தது. 1914-ல் பண்டிதர் மறைந்த பிறகு அவர் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வந்ததும் அங்கிருந்துதான். பூமிக்கடியில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் சாதியையும் பௌத்தத்தையும் பற்றி வாதிட்ட ஊர் அது. தமிழ் இலக்கிய வரலாறுகள் இந்த அச்சகத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்கத் தயங்கியது அந்த வரலாறுகளின் குறைதான். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து இதே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நிர்வாகம் திகைத்தது. வாசிக்கத் தெரிந்த கூட்டத்தை அது எதிர்பார்க்கவில்லை போலும்.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. பாறை வெடிப்பிலும் சிலிகோசிஸிலும் ஆட்கள் செத்தார்கள். மொத்தத்தில் சுமார் 800 டன் தங்கம். 1956-ல் மாநில அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ். 2001 பிப்ரவரி 28-ல் மூடுவிழா. அன்று வேலை இழந்தவர்கள் 3,000-க்கும் மேல்.

சுரங்கம் போனது, தண்டவாளம் நின்றது. இயந்திரம் இறக்கப் போட்ட பாதையில் இன்று விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயில்கள் கிளம்புகின்றன. கட்டட வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும், கல்லூரிக்கும் போகும் கூட்டம் பெங்களூரில் இறங்கி இரவு திரும்புகிறது. தாத்தா இறங்கிய ஸ்டேஷனில் பேரன் ஏறுகிறான்.

இப்போது பேச்சு அந்த மண்மேடுகளைப் பற்றி. 13 மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. மேட்டு மண்ணை அள்ளிச் சலிக்கப் பொக்லைனும் ஆலையும் போதும். முன்போல ஆயிரக்கணக்கான கைகள் வேண்டாம். காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் அளவுக்கு அதனால் உள்ளூரில் வேலை பெருகுமா என்பதற்கு இதுவரை யாரும் எண்ணிக்கையோடு பதில் சொல்லவில்லை.