நோயும் அத்தாட்சியும்

போர்க்களத்தில் காலை இழந்தவனுக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. காண்போர் கண்களே சாட்சி. ஆனால், வீடு திரும்பிப் பல்லாண்டுகள் கழிந்தபின் தலைகாட்டும் நோய்க்கு யார் சாட்சி? ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் பலரை வாட்டிய கேள்வி இது.

அந்நாட்டில் ஊன உதவிப்பணம் கோருபவர் பொதுவாக மூன்று காரியங்களை நிறுவவேண்டும். இப்போது நோய் உண்டு என்பது ஒன்று. சேவைக்காலத்தில் அதற்கேதுவான சம்பவம் நிகழ்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்பது மூன்றாவது. நோயின் மூலத்தைத் தேடுவது வைத்தியர் தொழில் என்பர். இங்கோ அது நோயாளியின் தலையிலும் விழுந்துவிட்டது.

பழைய ஏடுகள் உதவாவோ எனில், அவையும் எப்போதும் கிடைப்பதில்லை. 1973ஆம் ஆண்டு ஜூலை மாதம் செயின்ட் லூயிஸ் நகரப் பதிவேட்டு நிலையத்தில் மூண்ட தீ, 160 இலட்சத்துக்கும் 180 இலட்சத்துக்கும் இடைப்பட்ட சேவைக் கோப்புகளை விழுங்கியது. அவற்றுக்குப் பிரதிகளும் இருக்கவில்லை. ஏட்டைப் பறிகொடுத்தது அரசு. அத்தாட்சி தேடி அலைந்தவரோ வீரர். உடன் சேவித்த தோழரின் வாக்குமூலமும், களத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதமும், மங்கிய புகைப்படமுமே பலருக்குச் சாட்சியாயின. பெட்டியின் அடியில் மனைவியோ தாயோ பேணிவைத்த ஒரு கடிதம் அரசாங்கக் கோப்பின் இடத்தை நிரப்பக்கூடும் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வியட்நாமிலோ இடர் வேறு விதமானது. 1962 முதல் 1971 வரை காட்டின் இலைகளை உதிர்ப்பதற்காக இரசாயனங்கள் தூவப்பட்டன. பீப்பாயில் தீட்டிய செம்மஞ்சள் வரையால் பெயர் பெற்ற 'ஏஜண்ட் ஒரேஞ்ச்' அவற்றுள் ஒன்று. அது எந்த நாளில் தம்மீது பட்டதென எவ்வீரர் காட்டவல்லார்? ஆகவே, 1991இல் இயற்றப்பட்ட சட்டம், அக்காலத்தில் அங்கு சேவித்தவருக்குக் குறித்த சில நோய்கள் காணுமிடத்து, மறுக்கச் சான்றில்லாதவரை அவை சேவையால் வந்தனவென்றே கொள்ளச் செய்தது. தூவுதல் நின்று இருபது ஆண்டுகளின் பின்னரே இச்சட்டம் வந்தது. அத்தனை காலம் காத்திருக்க நோய்க்குப் பொறுமை ஏது?

ஈராக், ஆப்கானிஸ்தான் முதலிய இடங்களில் கழிவெரிகுழிகளின் புகையைச் சுவாசித்தோருக்கு, 2022ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய சலுகையை விரித்தது. சான்றுகள் இருபுறமும் சமமாக நின்றால், ஐயத்தின் பயன் வீரருக்கே என்பதும் அந்நாட்டுச் சட்டவிதி.

அவ்விதியே நீதியின் உயிரென்பது எமது கருத்து. களத்துக்கு அனுப்பியது அரசு. ஏடுகளைக் காத்திருக்கவேண்டியதும் அரசு. ஐயம் எழுமாயின் அதன் பாரத்தையும் அரசே சுமக்கட்டும். நோயாளி தம் நோயைச் சுமந்தாலே போதும்.