எண்ணைப் பார்ப்போம், மனிதரையும் பார்ப்போம்

புறநோயாளர் பிரிவில் அண்மைக்காலமாக ஒரு காட்சியை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். நீரிழிவு நோயாளியின் மேற்கையில் நாணயம் போன்றதொரு வில்லை ஒட்டியிருக்கிறது. அருகில் அமர்ந்திருக்கும் மகனோ மகளோ கைப்பேசியில் சர்க்கரை அளவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எண் சற்று உயர்ந்ததும், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது.

கருவியை நாங்கள் குறைகூறவில்லை. நொதியைக் கொண்டு குளுக்கோஸை அளக்கும் மின்முனையைக் கிளார்க்கும் லயன்ஸும் 1962-இல் முன்வைத்தனர். அதன் வழிவந்ததே தோலுக்கடியில் நுழைந்திருக்கும் இந்த மெல்லிய இழை. நொதியும் குளுக்கோஸும் வினைபுரிகையில் எழும் நுண்ணிய மின்னோட்டமே எண்ணாக மாறுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு உறக்கத்தில் சர்க்கரை தாழும்போது ஒலிக்கும் எச்சரிக்கை உயிரையே காக்கக்கூடும்.

ஆயினும், அவ்விழை அளப்பது இரத்தத்தை அன்று. திசுக்களுக்கிடையே உள்ள நீர்மத்தை. எனவே, சர்க்கரை விரைந்து ஏறும்போதும் இறங்கும்போதும் அது சில நிமிடங்கள் பின்தங்கும். வில்லை உள்ள கையை அழுத்திப் படுத்தாலும் அளவு பொய்யாகத் தாழ்ந்து தோன்றலாம். எண்ணும் உடல்நிலையும் பொருந்தாதபோது விரல்நுனிச் சோதனையையே நம்புங்கள். வியர்வையும் நடுக்கமும் தோன்றிச் சோதிக்க இயலாவிடில், காத்திராமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் தராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது நீரிழிவு இல்லாதவருக்கும் இயல்பே. ஒவ்வோர் ஏற்றத்தையும் குற்றமாகக் கருதினால், நோயாளி உண்பதை மறைக்கத் தொடங்குவார். அல்லது அஞ்சி உணவைக் குறைப்பார். இன்சுலின் போட்டபின் உணவைக் குறைப்பது பேராபத்து. ஆகவே, அளவுகளை யார் பார்ப்பது, எப்போது தலையிடுவது என்பதை அவருடைய இசைவுடனேயே முடிவு செய்யுங்கள். தாழ்நிலை எச்சரிக்கை மட்டும் உறவினருக்கு வந்தால் பல குடும்பங்களுக்கு அதுவே போதும்.

வில்லையை இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டியிருப்பதால் செலவும் மிகுதி. மாத்திரையால் மட்டும் சர்க்கரை சீராக உள்ளவர்கள் பலருக்கு இது தொடர்ந்து தேவைப்படுவதில்லை. வாங்க இயலவில்லையே என எவரும் வருந்த வேண்டாம். உரிய நேரத்தில் செய்யும் விரல்நுனிச் சோதனையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் நம்பத்தக்க வழிகளே.

கருவி எண்ணைச் சொல்லும். அதன் பொருளை மருத்துவரும் நோயாளியும் குடும்பத்தாரும் சேர்ந்தே கண்டறிய வேண்டும் என்பது எங்கள் கருத்து.