மலைத்தோட்டத்திற்கு ஒரு நவீனம்

ஹிட்லரின் கொடுங்கோன்மையை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் பரப்பியமைக்காக 1943 பிப்ரவரியில் சிரச்சேதம் செய்யப்பட்ட, 21 வயதே நிரம்பிய மாணவி சோபி ஷோலின் தியாகத்தை உலகம் நூல்களாலும் திரைப்படங்களாலும் போற்றி வருவது நியாயமே. ஆயின் அதே காலத்தில், ஜப்பானிய ராணுவத்தின் ஆட்சியில் உழன்ற மலாயாவிலே, பாப்பான் என்னும் சிற்றூரில் கெரில்லா வீரர்களுக்கு இரகசியமாய்ச் சிகிச்சை செய்து, அதன் பொருட்டுச் சித்திரவதையையும் சகித்து நின்ற சிபில் கார்த்திகேசுவை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

அந்த ஜப்பானியர் அமைத்த, 415 கிலோமீட்டர் நீண்ட சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் பலியான துயரத்தை, ‘சயாம் மரண ரயி’லில் ஆர். சண்முகமும், ‘நினைவுச் சின்ன’த்தில் அ. ரெங்கசாமியும் எழுதி வைத்தது தமிழின் பாக்கியம். அவ்வழியில், கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைக் களமாகக் கொண்டு, அடிமைப்பட மறுத்த வாலிப உள்ளங்களைச் சித்திரிக்கும் நவீனம் ஒன்று நமக்கு வேண்டும்.

ஒரே லயத்தில் வளர்ந்தோருள் ஒருவன் ஜப்பானியரை எதிர்த்துக் கானகம் புகவும், ஒருத்தி பாரத விடுதலையை நாடி, அவர்களோடு நேசம் பூண்ட நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேரவும் இடமிருந்த அக்காலத்துத் தர்மசங்கடத்தை மறைக்காது எழுதுவதே சத்தியமான இலக்கியம். அந்நாளைக் கண்ட முதியோர் சிலரேனும் நம்மிடையே இருக்கும்போதே, தோட்டத்து இளைஞர்கள் அவர்களிடம் கேட்டறிந்து இப்பணியைத் தொடங்குவார்களாக.