அஞ்சு நாய் மேலே, பாக்கி வீட்டிலே

நான் கணக்கு எழுதப் போகும் ஆபீஸில் இரண்டு மாதமாகக் கணுக்காலைச் சொறிந்துகொண்டே இருந்தேன். பக்கத்து சீட் நண்பர் முதலில் கொசு என்றார். அப்புறம், 'தண்ணி ஒத்துக்கலையா?' என்றார். ஒரு திங்கட்கிழமை ஒன்றுமே சொல்லாமல் தன் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

காரணம், டேலி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டி நாய். மார்ச் 31 ராத்திரி, வரவும் செலவும் ஒத்துப்போகாத கடுப்பில் வந்துகொண்டிருந்தேன். வீட்டிலாவது ஒன்று டேலி ஆகட்டும் என்று தூக்கி வந்துவிட்டேன். கூடவே ஓர் ஊரே குடிவந்தது பிறகுதான் தெரிந்தது. தெள்ளுப்பூச்சி! உண்ணி வேறு, இது வேறு. உண்ணி கடித்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கும். தெள்ளு, கை வைத்தால் எகிறும்.

நாய் வளர்க்க ஆரம்பித்தால் தெருவில் எல்லோரும் டாக்டர். பால்காரர் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். தேடினேன், கிடைக்கவில்லை. டேலிக்கு ஆயுசு கெட்டி. மாடி மாமி, தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசச் சொன்னார். 'பெருமாளுக்கு வெச்சதை நாய்க்கா?' என்று அம்மா டப்பாவை ஒளித்துவிட்டாள். (இரண்டுமே நாய்க்கு விஷம். அம்மாவின் பக்திக்கு டேலி கடன்பட்டிருக்கிறான்.) சீட் நண்பர் சொன்னதுதான் எனக்கு சயின்டிஃபிக்காகப் பட்டது. 'தினம் ரெண்டு பல் பூண்டு போடு. ரத்தம் நாறினா எந்தப் பூச்சி கடிக்கும்?'

பத்து நாள் தயிர் சாதத்தில் நசுக்கிப் போட்டேன். பதினோராம் நாள் டேலி எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வால் மட்டும் ஒரு தடவை அசைந்து நின்றது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன குடுத்தீங்க?"

"பூண்டுதான் சார். நேச்சுரல்."

"அரளி விதைகூட நேச்சுரல்தான்."

பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்குமாம். தெள்ளு வெளியிலிருந்து உறிஞ்ச, நான் உள்ளேயிருந்து உடைத்திருக்கிறேன். எடை போட்டு, ஊசி போட்டு, "ராத்திரி தாண்டினா பாப்போம்" என்று அனுப்பினார். அன்றைக்கு நான் படுக்கவில்லை. மணிக்கொரு தடவை உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். விடியற்காலை நாலரைக்கு என் விரலைக் கடித்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் கடி வாங்கியதில்லை.

மறுநாள் டாக்டர் கணக்குப் பாடம் எடுத்தார். பி.காம். படித்தவனுக்கே! பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூடப் போடும். முட்டை நாய் மேல் ஒட்டாது, உதிர்ந்துவிடும். அதனால் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான் நாய் மேல். பாக்கி 95 முட்டை, புழு, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள். நான் 5 ரூபாய் செலவை நிறுத்தப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அலைந்தேனே தவிர, 95 ரூபாய் எங்கே போகிறதென்று லெட்ஜரைத் திருப்பவே இல்லை. (இன்னொரு வேடிக்கை, நாயைக் கடிக்கும் தெள்ளில் பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற ஜாதிதான். பூனையே வளர்க்காத வீட்டில்!)

மருந்து அவர் பொறுப்பு. வீட்டு வைத்தியம் என் பொறுப்பு. முதல் ஆயுதம் பேன் சீப்பு. கழுத்து, காதுக்குப் பின்னால், வாலடி என்று சீவி, சோப்புத் தண்ணீர் கிண்ணத்தில் முக்கவேண்டும். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிக்கும் ஆசாமி, சோப்பு கலந்தால் மூழ்கிவிடுவான். சீவும்போது விழுகிற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது அழுக்கில்லை. தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் நாயின் ரத்தம். புழுக்களுக்குச் சாப்பாடே அதுதான்.

குட்டி தேறிய பிறகே குளியல். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போட்டுவிடவேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் தலைக்கு ஓடிக் காதுக்குள் மாநாடு போடும். வேப்பிலைத் தண்ணீர்? ஊற்றலாம், பாவமில்லை. ஆனால் கொல்லுவது சோப்பு, பேர் வாங்குவது வேப்பிலை.

பெரிய வேலை துடைப்பத்துக்கு. கட்டிலடி, பீரோ இடுக்கு, மொசைக் விரிசல் எல்லாவற்றையும் தினமும் பெருக்கி, குப்பையை அன்றைக்கே வெளியே தள்ளவேண்டும். டேலி படுக்கும் சாக்கு, வாரம் ஒரு தடவை வெந்நீரில். அப்புறம் மொட்டைமாடி வெயில். புழுவுக்கு இருட்டும் ஈரமும் வேண்டும், காய்ந்தால் செத்துவிடும்.

சீப்புக் கணக்கை நோட்டில் எழுதினேன். முதல் நாள் 63. பத்தாம் நாள் 9. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பதினெட்டாம் நாள் மறுபடி 31! நொந்துபோய் போன் போட்டால் டாக்டர் சிரிக்கிறார். கூட்டுப்புழு கூட்டுக்குள் மாதக்கணக்கில் தவம் இருக்குமாம். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால்தான் வெளியே குதிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் ஏறுகிறதே, அதற்கும் இதுதான் காரணம். பழைய பாக்கி வசூலாகிறது, பெருக்குவதை நிறுத்தாதே என்றார்.

நிறுத்தவில்லை. மூன்று மாதம் ஆயிற்று. போன வாரம் ஏழு நாளும் பூஜ்யம். சீப்பை எடுத்தால் டேலி தானே வந்து கழுத்தைக் காட்டுகிறான். ஆபீஸில் நண்பர் நாற்காலியை ஓரடி இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார். பாக்கி ஓரடி.