லாக் தெரியாதவனுக்கு எதற்கு பார்மசி?

"லாக் கூடப் போடத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு பி.பார்ம் வந்தீங்க?" மூன்றாவது செமஸ்டர் வகுப்பில் ஒரு தம்பியை எழுப்பி நிற்கவைத்துக் கேட்கப்பட்ட கேள்வி இது. "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்திருக்கிறது.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவன் அவன். பிசிக்கல் பார்மசூட்டிக்ஸ் தாளில் அரியர் விழுந்ததும் என்னிடம் வந்தான். "அக்கா, நான் நின்னுடுறேன்." வகுப்பறையில் சாதி எப்படி வேலை செய்கிறது, யாருடைய தயக்கம் 'தகுதியின்மை' ஆக்கப்படுகிறது என்று ஒரு மணி நேரம் பேசினேன். சமூகவியல் படித்தவளுக்கு அது கைவந்த பேச்சு. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அதெல்லாம் சரிக்கா. ஆனா லாக் எப்படிப் போடுறது?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நம் இயக்கங்களில் பலரிடமும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேதியியல் படித்த தோழர் ஒருவரை அழைத்து வந்து மூவரும் உட்கார்ந்தோம். முதலில் தெரிந்தது இதுதான்: பிசிக்கல் பார்மசூட்டிக்ஸ் பாடத்தில் பலவும் தம்பி தமிழில் ஏற்கெனவே படித்தது. பஃபர் என்றால் தாங்கல் கரைசல். கொலாய்டு என்றால் கூழ்மம். கைனெடிக்ஸ் என்றால் வேதிவினை வேகவியல். எல்லாம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடங்கள். பெயர் ஆங்கிலத்துக்கு மாறியதும் அவனுக்குத் தெரிந்ததே தெரியாததாகிவிட்டது.

இரண்டாவது, லாக். ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்ததால் பத்தாம் வகுப்போடு அவனுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. தோழர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது: 10-இன் லாக் 1, 100-இன் லாக் 2, 1000-இன் லாக் 3. பூஜ்ஜியங்களை எண்ணு. பிறகு ஆஸ்பிரினை எடுத்தார். அதன் பிகேஏ ஏறக்குறைய 3.5. வயிற்றில் பிஹெச் 1.5 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 2. அதாவது ஒரு மூலக்கூறு அயனியானால், நூறு அயனியாகாமல் இருக்கும். சிறுகுடலில் பிஹெச் 6.5 என்றால் வித்தியாசம் 3, கணக்கு தலைகீழ்: அயனியாகாதது ஒன்று, அயனியானது ஆயிரம். அயனியாகாத மூலக்கூறுதான் செல்லின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்கும். அவ்வளவுதான் ஹெண்டர்சன்–ஹாசல்பாக் சமன்பாடு. தம்பி நிமிர்ந்து பார்த்தான். "இதுக்காக்கா என்னை நிக்க வெச்சாங்க?"

இது வெறும் பரீட்சைக் கணக்கில்லை. சலைன் பாட்டிலில் உப்பு ஏன் 0.9 சதவீதம்? அதைக் குறைத்து வெறும் நீராக ஏற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் வீங்கி வெடிக்கும். குழந்தைக்குத் தரும் ஆன்டிபயாட்டிக் ஏன் பொடியாக வருகிறது, நீர் கலந்தபின் ஏன் சில நாட்களுக்குள் தீர்க்கச் சொல்கிறார்கள்? நீரில் மருந்து சிதையும் வேகம் அதிகம். வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த மாத்திரை சீக்கிரம் கெடுவதும் அதே பாடம்தான்.

தெரியாமல் போனால் என்ன ஆகும்? 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க நினைத்தது ஒரு கம்பெனி. அது நீரில் நன்றாகக் கரையாது. டைஎத்திலீன் கிளைக்காலில் கரைந்தது. கரைகிறதா, நிறம் மணம் சரியா என்று பார்த்தார்கள். உடலுக்கு நஞ்சா என்று பார்க்கவில்லை. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்திலும் அதே நஞ்சு இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மருந்து எதில் கரைகிறது, அந்தக் கரைப்பான் சுத்தமானதா என்று கேட்கிற ஆட்கள் ஆய்வகத்தில் வேண்டும். அந்த ஆட்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

கடை கவுன்டரில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் மரியாதையான வேலைதான். ஆனால் மருந்தை உருவாக்கும் அறைக்கும் தரம் பார்க்கும் அறைக்கும் போகும் வழி இந்தத் தாள்கள் வழியாகத்தான் போகிறது. கைடு வாங்கி மனப்பாடம் செய்து பாஸாகிவிடலாம் என்று சொல்பவர்கள், நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், நம்மைக் கவுன்டரோடு நிறுத்துகிறார்கள்.

பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் பாடத்திட்டத்திலேயே, பிளஸ் டூவில் கணக்கு படிக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமிடியல் மேத்தமேட்டிக்ஸ் இருக்கிறது. லாகரிதமும் அதில் உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை, கல்லூரியே நடத்திக்கொள்ளும். தம்பியின் கல்லூரியில் அந்த வகுப்பு பெரும்பாலும் வேறு பாடங்களுக்குப் போய்விட்டது. நடத்தாத வகுப்பைக் கேட்காமல், நடத்தப்படாதவனை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார்கள்.

எனவே இரண்டு வேலைகள். பார்மசி படிக்கும் தம்பி தங்கைகளே, ரெமிடியல் வகுப்பு கால அட்டவணையில் இருக்கிறதா, உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் சேர்ந்து போய் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். அது சலுகையில்லை, பாடத்திட்டம். படிப்பு வட்டம் நடத்தும் தோழர்களே, வாரத்தில் ஒரு மாலையை லாகுக்கும் பிஹெச்சுக்கும் ஒதுக்குங்கள். சீனியர் ஒருவர், ஒரு கரும்பலகை, பிளஸ் டூ தமிழ்வழிப் புத்தகம் போதும்.

தம்பி நிற்கவில்லை. அரியரை எழுதிவிட்டான், முடிவு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மையத்துக்கு வந்து பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு லாக் சொல்லிக்கொடுக்கிறான். பூஜ்ஜியத்தை எண்ணச் சொல்லித்தான் தொடங்குகிறான்.